பார்ப்பு காக்கும் விரால்

மழை விட்டு இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, ஆகாயத்தாமரை அடர்ந்த குட்டையின் கரையில் சற்று நேரம் அசையாமல் நின்றால் ஒரு காட்சி காணக் கிடைக்கும். சுற்றிலும் தண்ணீர் அசைவற்றிருக்க, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் மேற்பரப்பு உலையில் அரிசி கொதிப்பதைப் போலத் துடித்துக்கொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான பொடிக் குஞ்சுகள். சில வினாடிகள் மேலே மிதக்கும்; பிறகு எல்லாம் ஒன்றாக அமிழ்ந்து, இரண்டடி தள்ளி மறுபடியும் எழும். அவற்றுக்குக் கீழே, இலையின் நிழலோடு நிழலாக, ஒரு கரிய முதுகு அசையாமல் நிற்கும். தவளை ஒன்று தவறிப்போய் அந்த வட்டத்துக்குள் குதித்துவிட்டால், அந்த முதுகு எவ்வளவு வேகமாக மேலே வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

மேலே துடிப்பது விராலின் குஞ்சுக் கூட்டம். கிராமங்களில் இதைப் பார்ப்பு என்பார்கள். கீழே நிற்பது பெற்ற மீன். இந்தக் காவலே விராலை நம் ஏரி குளங்களில் இத்தனை காலம் நிலைக்க வைத்தது. அதைத் தூண்டிலில் சிக்க வைப்பதும் இதே காவல்தான்.

பெரும்பாலான மீன்களுக்குப் பிள்ளை வளர்ப்பு என்ற ஒன்றே கிடையாது. எலும்பு மீன் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில்தான் முட்டையையோ குஞ்சையோ பேணும் பழக்கம் காணப்படுகிறது. நம் சந்தையில் கிடைக்கும் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும் வெள்ளம் புரளும் ஆற்றில் லட்சக்கணக்கான முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகள் அடித்துச் செல்லப்பட்டு, பெரும்பகுதி பிற உயிர்களுக்கு இரையாகி, மிஞ்சியவை பிழைக்கும். எண்ணிக்கையால் இழப்பை ஈடுகட்டும் வழி அது. விரால் தேர்ந்துகொண்டது வேறு வழி. ஓர் ஈட்டுக்குச் சில ஆயிரம் முட்டைகள் மட்டுமே இடும். ஆனால் அவற்றின் கூடவே இருக்கும்.

விரால் ஏன் இந்த வழிக்கு வந்தது என்பதை அது வாழும் தண்ணீரை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ஓடும் ஆற்றைவிட, தேங்கிய குட்டை, வயல், வாய்க்கால், வண்டல் படிந்த கண்மாய் ஆகியவையே விராலுக்கும் அதன் சிறிய உறவான குறவைக்கும் பிடித்த இடங்கள். அழுகும் செடிகளும் கலங்கலும் வெயிலும் சேர்ந்து அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும். செடிகள் ஆக்சிஜனை வெளியிடாத இரவு நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். பிற மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்து திணறும் குளத்தில் விரால் சாவகாசமாக இருக்கும். அதன் செவுள்களுக்கு மேலே, தலையின் இரு பக்கமும், இரத்த நாளங்கள் நிறைந்த சவ்வால் ஆன அறை ஒன்று உண்டு. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால் அது அந்த அறையில் தங்கி இரத்தத்தில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. வளர்ந்த விராலுக்கு இது வசதிக்காக உள்ள ஏற்பாடு இல்லை, உயிர்ப் பிரச்சினை. நீர்மட்டத்துக்கு வரவிடாமல் தடுத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

சந்தையில் ஈரச் சாக்குக்கு அடியில் விரால் மணிக்கணக்கில் உயிரோடு கிடப்பதும், கோடையில் குளம் வற்றும்போது அடிச் சகதிக்குள் புதைந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிப்பதும், மழை இரவில் ஈரத் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போவதும் இந்த அறையால்தான். தோல் காயாமல் இருந்தால் போதும்.

பிற மீன்கள் நெருங்கத் தயங்கும் தண்ணீரில் குடியிருப்பதால் போட்டி குறைவு. ஆனால் அங்கே முட்டையை அடியில் இட்டால் ஆக்சிஜன் இல்லாமல் கெட்டுவிடும். விராலின் முட்டையில் எண்ணெய்த் துளி ஒன்று இருப்பதால் அது மிதக்கிறது. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்மட்ட நீரில் கிடந்து பொரிகிறது. மிதக்கும் முட்டை எல்லோர் கண்ணிலும் படும். அதனால் காவல் வேண்டியிருக்கிறது.

மழை இறங்கியதும் இணை சேரும் காலம் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் பார்ப்பு அதிகம் தென்படும். ஆணும் பெண்ணும் ஆழம் குறைந்த ஓரத்தில் செடிகளை வாயாலும் உடம்பாலும் விலக்கி வட்டமாக ஓர் இடத்தைத் தெளிவாக்குகின்றன. அந்த வட்டத்தில்தான் மஞ்சள் நிற முட்டைகள் ஒரு படலமாக மிதக்கும். ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். பொரித்த குஞ்சால் உடனே நீந்த முடியாது; கருவுணவின் எண்ணெயால் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்று கேட்பது நம் வழக்கம். விரால் குஞ்சைப் பொறுத்தவரை, முதல் சில நாட்களுக்கு அது நீந்தவே லாயக்கற்ற, காற்று வீசும் பக்கம் ஒதுங்கும் ஒரு துளி மட்டுமே. அந்த நாட்களில் அதற்கும் தவளைக்கும், அதற்கும் கெண்டைக்கும் நடுவில் இருப்பது பெற்ற மீன் ஒன்றுதான்.

காவல் இருப்பது தாயா, தகப்பனா? விராலில் இரண்டும் அருகில் இருப்பதைக் காணலாம். ஆனால் ஆணின் பங்கே பெரிது, சில நேரம் ஆண் மட்டுமே நிற்கும். பாலூட்டிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றும். மீன் உலகத்தில் இதுதான் பெருவழக்கு. பிள்ளை வளர்க்கும் மீன்களில் தகப்பன் மட்டும் வளர்க்கும் இனங்களே அதிகம். காரணம் இனப்பெருக்க முறையிலேயே இருக்கிறது. கருவுறுதல் உடலுக்கு வெளியே, தண்ணீரில் நடக்கிறது. முட்டை வெளிவரும் நொடியில் ஆண் அந்த இடத்திலேயே இருக்கிறது, இடமும் பெரும்பாலும் ஆண் காக்கும் எல்லைக்குள் இருக்கிறது, முட்டைகள் தன்னுடையவை என்பதிலும் அதிக ஐயம் இல்லை. முட்டை உண்டாக்கிய பெண் உடம்பு தேய்ந்திருக்கும். அது இரை தேடி உடலைத் தேற்றினால்தான் அடுத்த ஈட்டுக்குத் தயாராகும்.

கண்ணும் துடுப்பும் தெளிந்த பிறகு குஞ்சுகள் கூட்டமாக நீந்தத் தொடங்குகின்றன. இந்தக் கட்டத்தில்தான் அந்தச் செம்மஞ்சள் நிறம். சற்று வளர்ந்ததும் காற்றறை உருவாகி, குஞ்சும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டிய நிலை ஏற்படுகிறது. காற்று குடிக்கும் மீனுக்கு மிக ஆபத்தான நேரம் அது மேலே வரும் நேரம். கொக்கும் மீன்கொத்தியும் காத்திருப்பது அதற்காகத்தான். காற்று சுவாசிக்கும் பல மீன்கள் தனித்தனியாக வராமல் ஒரே நேரத்தில் கூட்டமாக வந்து மூச்செடுத்து அமிழ்வதைக் கிரேமர், கிரகாம் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1976-ல் விரிவாக எழுதினார்கள். மூச்சுவிடுவதுகூட ஒரு கூட்டுச் செயலாகிவிடுகிறது. எல்லாம் ஒன்றாக எழுந்தால், பறவை எதைக் குறிவைப்பது என்று தடுமாறும். ஒவ்வொரு குஞ்சுக்கும் தான் பிடிபடும் வாய்ப்பு குறையும். குட்டையில் நாம் பார்த்த அந்தத் துடிப்பிலும் இந்தக் கூட்டு ஒழுங்குதான் தெரிகிறது.

விரல் நீளத்தை நெருங்கும்போது நிறம் மங்கிப் பழுப்பாகிறது, கூட்டம் தளர்கிறது, காவலும் முடிகிறது. அதன் பிறகு விரால் ஒரு தனி வேட்டைக்காரன். மீன், தவளை, இறால், பூச்சி என்று வாய்க்குள் அடங்குவதை எல்லாம் விழுங்கும். தன் இனத்தையும் விடாது. குஞ்சு வளர்க்கும் பண்ணைகளில் இதுதான் பெருந்தொல்லை: அளவு வாரியாகப் பிரித்து வைக்காவிட்டால் பெரியது சிறியதைத் தின்று தீர்த்துவிடும். காவல் இருக்கும் வாரங்களில் அதே மீன், தன் வாய்க்கு முன்னாலேயே நீந்தும் நூற்றுக்கணக்கான குஞ்சுகளை விட்டுவைக்கிறது. நன்னீர் மீன்களின் நடத்தையில் எனக்கு மிகப் பெரிய வியப்பு தருவது இந்த இடம்தான்.

இந்தக் குடும்பத்தை அறிவியல் வகைப்படுத்திய கதையிலும் குஞ்சுகளுக்கு ஒரு பங்கு உண்டு. சங்கப் பாடல்களின் மருத நிலத்தில் வரால் என்று வரும் இந்த மீனுக்கு இன்றைய முறைப்படி அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் பிளாக். தரங்கம்பாடி மிஷனில் பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், நம் கரையோர மீன்களைச் சேகரித்து அவருக்கு அனுப்பி வந்தார். பிளாக் 1793-ல் விராலையும் குறவையையும் பாம்புத்தலை என்று பொருள்படும் ஒஃபிசெஃபாலஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். வயிற்றுத் துடுப்பு இல்லாதவை சன்னா, இருப்பவை ஒஃபிசெஃபாலஸ் என்று இரு பேரினங்களாக அவை வெகுகாலம் பிரிந்து கிடந்தன. அந்தத் துடுப்பு ஒரு பெரிய வேறுபாடே அல்ல என்று 1930-களின் தொடக்கத்தில் மயர்ஸ், ஷபோவலாவ் இருவரும் காட்டிய பிறகு ஆசிய விரால்கள் எல்லாம் சன்னா ஆயின. இன்று விரால் சன்னா ஸ்ட்ரையேட்டா, குறவை சன்னா பங்டேட்டா, ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் புலிவிரால் சன்னா மருலியஸ். ஆப்பிரிக்காவில் பாராசன்னா என்ற தனிப் பேரினத்தில் மூன்று இனங்கள் இருக்கின்றன.

குடும்பத்துக்கு மேலே உள்ள வரிசையிலும் மாற்றம் வந்தது. முன்பு தனி வரிசையாகவோ பெர்சிஃபார்மிஸ் என்ற மிகப் பெரிய மீன் வரிசைக்குள்ளோ வைக்கப்பட்ட விரால்கள், இப்போது பனையேறிக் கெண்டை, குராமி, சண்டை மீன் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. காற்றறை அவற்றை இணைக்கும் ஒரு முக்கிய அடையாளம். இந்த உறவினர்களுக்குள் பிள்ளை வளர்ப்பு எப்படி எல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். பனையேறிக் கெண்டையும் மிதக்கும் முட்டைதான் இடுகிறது, இட்டதும் போய்விடுகிறது. சண்டை மீனின் ஆண் வாயால் நுரைக் குமிழிகளை ஊதிக் கூடு கட்டி அதில் முட்டைகளை ஒட்டி வைத்துக் காக்கிறது. விராலுக்கு நுரையும் வேண்டாம், செடி விலக்கிய வட்டம் போதும். விரால் குடும்பத்துக்கு உள்ளேயே, ஓடைகளில் வாழும் சிறிய இனங்கள் இன்னும் ஒரு படி போய்விட்டன. சன்னா கச்சுவாவிலும், இலங்கைக்கே உரிய, வயிற்றுத் துடுப்பு இல்லாத சன்னா ஓரியன்டாலிஸிலும் தகப்பன் முட்டைகளை வாய்க்குள் எடுத்து வைத்துப் பொரிக்கிறது. ஓடும் நீரில் மிதக்கும் முட்டையை வட்டத்துக்குள் நிறுத்த முடியாது என்பதை நினைத்தால் இதன் பொருத்தம் விளங்கும். குஞ்சுகள் வெளிவந்த பிறகு, கருவுறாத முட்டைகளைத் தாய் அவற்றுக்கு உணவாக இடுவதும் இத்தகைய சிறிய இனங்களில் காணப்பட்டிருக்கிறது.

குஞ்சின் நிறம் வகைப்பாட்டைக் குழப்பிய கதைக்கு வருவோம். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1865-ல் கொச்சிப் பகுதியிலிருந்து கிடைத்த ஒரு சிறு மீனை, உடம்பில் ஓடும் இரண்டு கருங்கோடுகளை வைத்துப் புதிய இனமாக விவரித்தார். சன்னா டிப்லோகிராம்மா என்று இன்று அழைக்கப்படும் அந்த இனம், தென்கிழக்கு ஆசியாவின் ராட்சத விராலான சன்னா மைக்ரோபெல்டிஸின் குஞ்சுதான் என்று பின்னர் கருதப்பட்டு, பட்டியலிலிருந்து மறைந்தது. இரண்டின் குஞ்சுகளும் கோடு போட்ட உடையில் வருபவை. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் இருப்பது முற்றிலும் வேறு இனம் என்று 2011-ல் நிறுவினார்கள். பெயர் இல்லாத இனத்துக்குப் பாதுகாப்பும் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக மலைத்தொடருக்கே உரிய ஒரு பெரிய மீன் யார் கணக்கிலும் இல்லாமல் பிடிபட்டுக்கொண்டிருந்தது.

இன்னொரு கண்டுபிடிப்பு 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. மலப்புரம் மாவட்டத்து வயலில் நிலத்தடி நீரிலிருந்து மேலே வந்த செந்நிற மீன் ஒன்று 2019-ல் ஏனிக்மாசன்னா கொல்லம் (gollum) என்று பெயர் பெற்றது. 2020-ல் அதற்கென ஒரு புதிய குடும்பமே உருவாக்கப்பட்டது. விராலின் தொல் உறவான அதற்குக் காற்றறை கிடையாது. விரால்கள் அந்த அறையைப் பெறுவதற்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்க அது உதவுகிறது. வடகிழக்கு மாநிலங்களின் ஓடைகளிலிருந்தும் கடந்த சில ஆண்டுகளில் பல புதிய இனங்கள் விவரிக்கப்பட்டுவிட்டன.

இனி குளத்துக்குத் திரும்புவோம். ஓர் ஊர்க் குளத்தின் உணவு அடுக்கில் விரால் மேல்தட்டில் இருக்கிறது. கட்டுக்கடங்காமல் பெருகும் சிறு மீன்களையும் குஞ்சுகளையும் அது குறைத்து வைக்கிறது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று எந்தக் குளத்திலும் நிறைந்திருக்கும் ஜிலேபிக் கெண்டையைத் தின்று கட்டுப்படுத்த வல்ல உள்ளூர் மீன்களில் விரால் முதன்மையானது. ஆனால் மீன் வளர்ப்புப் பாடத்தில் விராலின் பெயர் வேறு பட்டியலில் வருகிறது: கட்லா, ரோகு குஞ்சுகளைத் தின்னும் பகை மீன். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கைப் போட்டு, அதிலுள்ள சப்போனின் நஞ்சால் விரால், குறவை, கெளுத்தி அத்தனையையும் கொன்று எடுக்கும்படி பரிந்துரைக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ என்பது வழக்கமான அளவு. சொந்தமாக வெட்டிய வளர்ப்புக் குட்டையில் இதில் குற்றம் காண முடியாது. பல நூற்றாண்டுகளாக ஊருக்குப் பொதுவாக இருக்கும் கண்மாயில் இதையே செய்வது, அந்த நீர்நிலையின் மீன் வரலாற்றையே அழித்துவிட்டு மூன்று கெண்டைகளை மட்டும் வைத்துக்கொள்வதாகும். விலை பார்த்தாலும் விரால் அந்த மூன்றையும் விட உயர்ந்தது என்பதை ஏலம் எடுப்பவர்களே சொல்வார்கள்.

நோயும் தன் பங்குக்கு வந்தது. 1987-ன் இறுதியில் இலங்கையிலும் 1988-ல் வடகிழக்கு இந்தியாவிலும் தொடங்கிப் பரவிய புண் நோய், உடம்பில் ஆழமான குழிப்புண்களை உண்டாக்கி விரால்களையும் குறவைகளையும் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அஃபனோமைசஸ் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர்தான் காரணம்.

பிள்ளைக் காவலின் வலிமை என்ன என்பதை அமெரிக்கா பட்டுத் தெரிந்துகொண்டது. 2002-ல் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் என்ற ஊரில் ஒரு சிறு குளத்தில் சீனாவைச் சேர்ந்த வடக்கு விரால் பிடிபட்டது. உணவுக்காக உயிரோடு வாங்கிய இரண்டு மீன்களை ஒருவர் குளத்தில் விட்டிருந்தார். குளத்துக்கு நஞ்சிட்டபோது ஆறு பெரிய மீன்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளும் செத்து மிதந்தன. அதே ஆண்டு விரால் குடும்பம் முழுவதையும் உயிரோடு இறக்குமதி செய்ய அந்நாடு தடை விதித்தது. ஆனாலும் 2004-ல் பொடோமாக் ஆற்றில் அது தென்பட்டு, அங்கேயே வேரூன்றிவிட்டது. பெற்றோர் காவலில் வளரும் குஞ்சுகளுக்கு அந்த ஆற்றின் உள்ளூர் மீன்களால் தடைபோட முடியவில்லை.

அங்கே அழிக்க முடியாத மீன் இங்கே குறைந்துவருவதற்கு, வற்றும் ஏரிகளும் பூச்சிமருந்து கலந்த வயல் நீரும் பெரிய காரணங்கள். அவற்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத ஒன்று பார்ப்பின் மேல் தூண்டில் போடுவது. குஞ்சுக் கூட்டம் எங்கே எழுகிறது என்று பார்த்து, அதன் நடுவில் தவளையையோ போலி இரையையோ விழச் செய்தால் போதும். பசித்திருந்தாலும் பசிக்காவிட்டாலும் காவல் மீன் பாய்ந்து கவ்வும். அது கவ்வுவது இரையை அல்ல, பகையை. மற்ற நாளில் நாள் முழுக்கக் காத்திருந்தும் கிடைக்காத பெரிய விரால், பார்ப்புக் காலத்தில் சில நிமிடத்தில் கரைக்கு வந்துவிடும். அது கரைக்கு வந்த பிறகு குஞ்சுகள் என்ன ஆகும் என்பது தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும்: கெண்டையும் கெளுத்தியும் நாலாபுறமிருந்தும் வரும், செம்மஞ்சள் வட்டம் சிதறும், சுருங்கும். ஒரு மீன் பிடித்த கணக்கு அது அல்ல, ஓர் ஈடு முழுவதும் போன கணக்கு. குஞ்சுகளைக் கொசுவலையால் மொத்தமாக அள்ளி விற்பதும் உண்டு; மேலே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளும் கூட்டத்தை அள்ளுவது எளிது.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறை சரியாகப் படவில்லை. கண்மாய் வற்றி முழங்கால் நீராகும் நேரத்தில் ஊரே ஊத்தாவோடும் கச்சாவோடும் இறங்கிப் பிடிக்கும் மீன்களில் பெரும்பகுதி எப்படியும் வெயிலில் சாகப்போகிறவை. அது பார்ப்புக் காலமும் அல்ல. சகதியில் ஆழப் புதைந்த விரால்கள் சில தப்பி, மழை வந்ததும் இணை சேரும். மழைக்குப் பின் கரையில் தனியாக நிற்கும் ஒரு தூண்டில், நூறு பேர் இறங்கும் திருவிழாவைவிட விராலுக்கு அதிகத் தீங்கு செய்யும்.

கண்ணி அளவுக் கட்டுப்பாடு, குஞ்சு இருப்பு வைத்தல் போன்ற வழக்கமான ஏற்பாடுகள் கெண்டைகளை மனத்தில் வைத்து உருவானவை. குஞ்சைத் தப்பவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்பது அவற்றின் கணக்கு. விராலில் தப்பவிட வேண்டியது பெரிய மீனை. அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். ஊர்க் கண்மாய்களில் மீன்பாசி குத்தகை விடும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: மழை தொடங்கியதிலிருந்து பார்ப்பு கலையும் வரை குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடவும் குஞ்சை அள்ளவும் கூடாது. இதைக் கண்காணிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பார்ப்பு எங்கே நிற்கிறது என்பது மாடு மேய்க்கும் சிறுவனிலிருந்து மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி வரை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.